கல்யாணப் படங்களை எந்த ஃபைல் சிஸ்டத்தில் வைப்பது?

காட்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கப் போய்க் கல்யாணம் எடுப்பவர்கள். வீடியோவும் படங்களும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கான ஜிபி ஆகிவிடும். அத்தனையும் லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். தன் கல்யாணத்தில் அப்பா சிரித்தபடி நிற்கும் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு வீட்டில் மாட்ட வேண்டும் என்றார். ஃபைல் இருந்தது. பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. திறந்தால் நெற்றி வரைக்கும்தான் படம், அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். பேக்கப் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தோம். அதிலும் அதே சாம்பல். கெட்டுப்போன ஃபைலைத்தான் பேக்கப் அப்படியே நகலெடுத்து வைத்திருந்தது. டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டினேன். எல்லாம் சுத்தம் என்றது.

ஸ்டுடியோக்காரர் என்னிடம் கேட்டார்: "எத்தினியோ வாட்டி கரண்ட் போயிருக்கு தம்பி. அப்பல்லாம் ஒண்ணும் ஆவல. இப்ப கரண்டு போவாமலே எப்படி கெடும்?"

மிகச் சரியான கேள்வி. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் மென்பொருளான ஃபைல் சிஸ்டம்களை ஒப்பிடும்போது பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நடுவில் கரண்ட் போனால் பிழைப்பது ஒரு திறமை. உள்ளே இருக்கும் தரவு சத்தமில்லாமல் மாறிப்போனால் கண்டுபிடிப்பது வேறொரு திறமை. முதலாவதில் கரைகண்ட ஃபைல் சிஸ்டம் இரண்டாவதில் ஒன்றுமே அறியாததாக இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் அப்படிப்பட்டதுதான்.

கரண்ட் போனால்

ஒரு படத்தைச் சேமிக்கும்போது டிஸ்க்கில் ஒரே இடத்தில் எழுதினால் போதாது. படத்தின் உள்ளடக்கம் ஓர் இடத்தில், அதன் பெயர் வேறோர் இடத்தில், எந்தெந்த இடம் நிரம்பிவிட்டது என்ற கணக்கு இன்னோர் இடத்தில் எழுதப்பட வேண்டும். மூன்றில் இரண்டு முடிந்திருக்கும்போது கரண்ட் போனால் கணக்கு இடிக்கும். 1993இல் வந்த, எக்ஸ்ட்4இன் முன்னோடியான எக்ஸ்ட்2 காலத்தில், மெஷின் திரும்ப எழுந்ததும் டிஸ்க் முழுவதையும் நடந்து பார்த்துத்தான் கணக்கைச் சரிசெய்ய முடிந்தது. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக அந்த நடை மணிக்கணக்கில் நீண்டது.

வேலூர் லாங் பஜாரில் பழைய மொத்தக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கான தீர்வு உடனே புரியும். நேராகப் பேரேட்டில் கைவைக்க மாட்டார்கள். முதலில் சிட்டையில் ஒரு வரி, பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவது. நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும், திரும்பி வந்து சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஃபைல் சிஸ்டத்தில் இந்தச் சிட்டைக்குப் பெயர் ஜர்னல். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் அதை முதலில் கொண்டுவந்தது ரைசர்எஃப்எஸ், 2001 தொடக்கத்தில். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டீபன் ட்வீடி எழுதிய எக்ஸ்ட்3 வந்தது. 2008 டிசம்பரில் எக்ஸ்ட்4 நிலைபெற்றது. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு இன்னும் வயது அதிகம். 1994லேயே பயன்பாட்டுக்கு வந்து, 2000இல் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் திறக்கப்பட்டது. 2014 முதல் நிறுவனங்களுக்கான ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸில், வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் இயல்பாக வருவது அதுதான்.

2012இல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம்கூட கரண்ட் இல்லாமல் இருந்தோம். யூபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஏறவே நேரம் போதவில்லை. நான் பார்த்துக்கொண்ட எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மெஷின்கள் எத்தனை முறை பட்டென்று அணைந்திருக்கும் என்று எண்ணவே முடியாது. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றன. அந்த மரியாதை எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆனால் சிட்டைக்கு ஒரு வரம்பு உண்டு. எக்ஸ்ட்4இலும் எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் ஜர்னல் பொதுவாகக் குறித்துக்கொள்வது மெட்டாடேட்டாவை மட்டும்தான். அதாவது பெயர், அளவு, இடக் கணக்கு. உள்ளடக்கத்துக்கு அந்தக் காவல் இல்லை. எக்ஸ்ட்4 புதிதாக வந்த 2009இல் இது பெரிய சர்ச்சையானது. மெஷின் திடீரென்று அணைந்து எழுந்தபின் பலருடைய ஃபைல்கள் பெயரோடு இருந்தன, உள்ளே பூஜ்யம் பைட். காரணம், வேகத்துக்காக எக்ஸ்ட்4 எழுதுவதைத் தள்ளிப்போட்டது. எக்ஸ்ட்3 ஐந்து விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் இறக்கிய இடத்தில், இது அரை நிமிடம்கூட நினைவகத்திலேயே வைத்திருந்தது. அவசியமானால் எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது மென்பொருளின் பொறுப்பு என்றார் எக்ஸ்ட்4ஐ வழிநடத்திய தியடோர் ட்ஸோ. விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனாலும் பழைய ஃபைலின் மேல் புதிய ஃபைலைப் பெயர்மாற்றி வைக்கும்போது உள்ளடக்கத்தையும் சேர்த்து இறக்கும்படி அவரே திருத்தங்கள் எழுதிச் சேர்த்தார். விதி தன் பக்கம் இருந்தும் பயன்படுத்துபவருக்காக இறங்கி வந்த அந்த இடத்தில்தான் எக்ஸ்ட்4 முதிர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்தச் சிக்கல் ஒரு ஃபைல் சிஸ்டத்தோடு முடிவதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தானுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராமநாதன் அழகப்பன் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பரவலாகப் பயன்படும் 11 மென்பொருள்களை எடுத்து, எந்த நொடியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கருவி வைத்துச் சோதித்தார்கள். 60 ஓட்டைகள் கிடைத்தன. ஒரு ஃபைல் சிஸ்டத்தில் பத்திரமாக ஓடும் மென்பொருள் இன்னொன்றில் தரவை இழக்கலாம் என்று காட்டினார்கள். எழுதும் வரிசையைப் பற்றி ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக வாக்குக் கொடுக்கிறது. மென்பொருள் எழுதியவரோ தான் பழகிய ஒன்றின் நடத்தையையே பொது விதி என்று எடுத்துக்கொள்கிறார்.

பாலாறு சொல்வது

"பழசாயிட்டா பிழை தீர்ந்துடும்" என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அதே விஸ்கான்சினிலிருந்து 2013இல் வந்த வேறோர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பட்டர்எஃப்எஸ், ரைசர்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ் ஆகிய ஆறிலும் எட்டு ஆண்டுகளில் சேர்ந்த 5,079 திருத்தங்களை உட்கார்ந்து படித்தார்கள். அவற்றில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவை பிழைத் திருத்தங்கள். வயதான ஃபைல் சிஸ்டத்திலும் பிழை வருவது நிற்கவில்லை. புது வசதி சேரும்போதெல்லாம் ஏறியது, பிறகு இறங்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, பிழைகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் தோல்விப் பாதையில் இருந்தது. டிஸ்க் படிக்க மறுத்தால், நினைவகம் கிடைக்காவிட்டால், இடம் தீர்ந்துவிட்டால் மட்டும் ஓடும் நிரல் வரிகள் அவை.

பாலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் மணலாகக் கிடக்கும். எந்தப் பாலம் உறுதி, எந்தக் கரை பலவீனம் என்று யாருக்கும் கவலை இல்லை. 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டு வந்தபோதுதான் அது தெரிந்தது. தோல்விப் பாதையும் அப்படித்தான். ஒரு ஃபைல் சிஸ்டத்தின் பக்குவத்தை அதன் வயதை வைத்தோ வசதிப் பட்டியலை வைத்தோ நான் அளப்பதில்லை. அந்த ஆற்றில் எத்தனை வெள்ளம் வந்திருக்கிறது, வந்தபின் கரையைக் கட்டினார்களா என்று பார்க்கிறேன்.

2018இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்துத் திகைத்தார்கள். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றபின் மறுபடி அழைத்தால் லினக்ஸ் "வெற்றி" என்று சொல்லிவிடும். ஆனால் எழுதப்படாத தரவு எழுதப்படாமலே போயிருக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்த தரவுத்தளம், அதைவிடப் பழக்கமான கர்னல், இரண்டும் இந்தப் பாதையில் மட்டும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தன. இப்போது எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அங்கேயே நின்றுவிட்டு, தன் சொந்தச் சிட்டையிலிருந்து மீண்டு எழுகிறது.

வெள்ளத்தைச் செயற்கையாக வரவழைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்காகத் தொடங்கிய எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் சோதனைத் தொகுப்பை இன்று லினக்ஸின் மற்ற ஃபைல் சிஸ்டங்களும் ஓட்டுகின்றன. அடுத்து நான் பேசப்போகும் இசட்எஃப்எஸ்ஸுக்கு இசட்டெஸ்ட் என்று ஒன்று உண்டு. வேலை நடக்கும்போதே நிரலைத் திரும்பத் திரும்பக் கொன்று, எழுந்தபின் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்.

சத்தமில்லாமல் கெட்டால்

ஸ்டுடியோக்காரரின் கேள்விக்கு வருகிறேன். டிஸ்க் தான் படித்ததைச் சரி என்று நம்பிக் கொடுக்கும், ஆனால் அது தவறாக இருக்கும். இது அபூர்வமா? லட்சுமி பைரவசுந்தரமும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்திருந்தார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் செக்சம் பொருந்தவில்லை. குறைந்த விலை டிஸ்க்குகளில் இது பல மடங்கு அதிகம். நம் ஊர்க் கடைகளில் வாங்குவது அந்த வகையைத்தான்.

செக்சம் என்பது தரவிலிருந்து கணக்கிட்டு வைக்கும் ஒரு சிறு எண். தரவு ஒரு பிட் மாறினாலும் எண் பொருந்தாது. எக்ஸ்ட்4 2012 முதலும், எக்ஸ்எஃப்எஸ் 2013 முதலும் தங்கள் மெட்டாடேட்டாவுக்குச் செக்சம் வைத்துக்கொள்கின்றன. உங்கள் படத்தின் உள்ளடக்கத்துக்கு இரண்டிலும் கிடையாது. அதனால்தான் எஃப்எஸ்சிகே "சுத்தம்" என்றது. அதற்குத் தெரிந்த வரையில் அது உண்மைதான்.

உள்ளடக்கத்துக்கும் சேர்த்துக் கணக்கு வைப்பது இசட்எஃப்எஸ். சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரென்ஸும் 2001இல் தொடங்கியது. 2005இல் சன்னின் சொலாரிஸ் இயங்குதளத்தில் சேர்ந்து, அந்த ஆண்டே ஓப்பன் சோர்ஸ் ஆனது. அதன் அமைப்பை விளக்க நம் சார்பதிவாளர் அலுவலகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே பழைய பத்திரத்தை அழித்துத் திருத்த மாட்டார்கள். விற்றால் புதுப் பத்திரம் எழுதிப் பதிவார்கள். பதிவு முடிகிற வரை பழையதுதான் செல்லும். இசட்எஃப்எஸ்ஸும் இருக்கிற பிளாக்கின் (தரவை எழுதி வைக்கும் துண்டு) மேல் எழுதுவதே இல்லை. புது இடத்தில் எழுதி முடித்தபின் ஒரே அடியில் புதியதற்கு மாறுகிறது. நடுவில் கரண்ட் போனால் பழையது அப்படியே இருக்கும்.

இன்னொன்று. கையில் இருக்கும் பத்திரம் உண்மையா என்று அந்தப் பத்திரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வில்லங்கச் சான்று போட்டுப் பதிவோடு ஒப்பிடுகிறோம். இசட்எஃப்எஸ் ஒரு பிளாக்கின் செக்சத்தை அந்தப் பிளாக்கோடு வைப்பதில்லை, அதைச் சுட்டிக்காட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. இதனால் டிஸ்க் "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுதாமலே விட்டாலும், வேறோர் இடத்தில் எழுதிவிட்டாலும் மாட்டிக்கொள்ளும். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை எழுதும் மிரர் வைத்திருந்தால், கெட்ட பிரதியை நல்ல பிரதியிலிருந்து தானே எழுதிச் சரிசெய்துவிடும்.

அப்படியென்றால் இதுதான் பக்குவத்தின் உச்சமா? பெரும்பாலும் ஆம் என்பேன். ஆனால் 2023 நவம்பரை மறக்கக் கூடாது. அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில் நகலெடுக்கும்போது தரவை மறுபடி எழுதாமல் பகிர்ந்துகொள்ளும் பிளாக் குளோனிங் என்ற புது வசதி இருந்தது. நகலெடுத்த ஃபைல்களில் சில பகுதிகள் பூஜ்யமாக இருப்பதைச் சிலர் கண்டார்கள். முதலில் அந்த வசதியை அணைத்து 2.2.1 வெளியிட்டார்கள். தோண்டிப் பார்த்தால் மூலப் பிழை பல ஆண்டுகளாக உள்ளேயே இருந்திருக்கிறது. புது வசதி அதை அடிக்கடி தெரியவைத்தது, அவ்வளவுதான். 2.2.2இல் அதைச் சரிசெய்தார்கள். அந்தப் பூஜ்யங்களுக்குச் செக்சம் சரியாகவே இருந்தது. ஏனென்றால் தவறாகப் படித்ததைத்தான் ஃபைல் சிஸ்டம் சரியாக எழுதி வைத்திருந்தது. செக்சம் டிஸ்க்கைக் காவல் காக்கும், தன்னைத் தானே காவல் காக்காது. பேக்கப்பை வேறொரு ஃபைல் சிஸ்டத்தில் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

கர்னலின் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாத சிடிடிஎல் உரிமத்தின் காரணமாக இசட்எஃப்எஸ் லினக்ஸ் கர்னலுக்குள் சேர முடியவில்லை. வெளியே, கர்னலோடு இணைத்துக்கொள்ளும் தனி மாட்யூலாக வளர்கிறது. கர்னலைப் புதுப்பிக்கும்போது அதற்கேற்ற மாட்யூல் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இந்தத் தொல்லை இல்லை.

கர்னலுக்குள்ளேயே இந்த வசதிகளைக் கொண்டுவரப் பிறந்தது பட்டர்எஃப்எஸ். கிறிஸ் மேசன் 2007இல் அறிவித்தார், 2009இல் கர்னலில் சேர்ந்தது. இதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. சூசே என்ற லினக்ஸ் பதிப்பு 2014 முதல் இதையே இயல்பாக வைத்திருக்கிறது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் டெஸ்க்டாப் 2020இல் இதற்கு மாறியது. மெட்டா தன் சர்வர்களில் பெருமளவில் ஓட்டுகிறது. ஆனால் ஃபெடோராவுக்கு ஆதரவளிக்கும் அதே ரெட்ஹேட், தன் எண்டர்பிரைஸ் 8ஆம் பதிப்பிலிருந்து இதை எடுத்தே விட்டது. அங்கே எக்ஸ்எஃப்எஸ் அறிந்த பொறியாளர்கள் நிறைய. பத்து ஆண்டுகள் பொறுப்பேற்க வேண்டிய பொருளில், உடைந்தால் சரிசெய்ய ஆள் இருப்பதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

என் கணிப்பில் பட்டர்எஃப்எஸ்ஸை ஒரே பொருளாகப் பார்ப்பதால்தான் சண்டை வருகிறது. ஒற்றை டிஸ்க், மிரர், ஒரு கணத்தின் நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் இவை பல வெள்ளம் பார்த்த பாலங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவை மீட்க உதவும் பேரிட்டி என்ற கூடுதல் கணக்கை எழுதி வைக்கும் ரெய்டு 5, ரெய்டு 6 வேறு. கரண்ட் போகும் நேரத்தில் பேரிட்டியும் தரவும் பொருந்தாமல் நிற்கும் ஓட்டை அதில் இருக்கிறது, தயாரிப்பவர்களே அதை முக்கியமான தரவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். மூன்று நான்கு டிஸ்க்கை அப்படிச் சேர்க்க வேண்டுமென்றால் இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு இசட்டுக்குப் போங்கள். அது அந்த ஓட்டை இல்லாதபடியே வடிவமைக்கப்பட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரேம் பழுதான மெஷினில் எக்ஸ்ட்4 போட்டால் பல மாதம் சத்தமில்லாமல் ஓடும். அதே மெஷினில் பட்டர்எஃப்எஸ் போட்டால் ஒரு வாரத்தில் பிழை காட்டி, எழுத மறுத்து, படிக்க மட்டும் விடும். உரிமையாளர் என்ன சொல்வார்? "எக்ஸ்ட்4 நல்லா இருந்துச்சு, பட்டர்எஃப்எஸ் கெடுத்துடுச்சு." புகார்களின் எண்ணிக்கையை வைத்து நம்பகத்தன்மையை அளந்தால், வாய் திறந்து சொல்வதற்குத் தண்டனையும் மூடிக்கொண்டிருப்பதற்குப் பரிசும் கிடைத்துவிடுகிறது.

ஆள் பலமும் பக்குவத்தில் சேரும். ரைசர்எஃப்எஸ் தொழில்நுட்பத்தில் முன்னோடி. ஹான்ஸ் ரைசர் 2006இல் கைதாகி 2008இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானபின் அது தேங்கியது, 2025இல் கர்னலிலிருந்து நீக்கப்பட்டது. கென்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் பிகேஷ்எஃப்எஸ் 2024 ஜனவரியில் 6.7 கர்னலோடு உள்ளே வந்தது, வளர்ச்சி நடைமுறை பற்றிய மோதல்களுக்குப் பின் 6.18இல் வெளியே போனது. அதன் வடிவமைப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் கல்யாணப் படங்களை வைக்க மாட்டேன்.

எங்கள் ஊர் நிலவரத்துக்கு

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஏசி இல்லாத மாடி அறையில் டிஸ்க்கும் வேகும், யூபிஎஸ் பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும். கரண்ட் இருந்தும் மெஷின் அணைவதற்குப் பாதி நேரம் அந்தப் பேட்டரிதான் காரணம். எந்த ஃபைல் சிஸ்டம் என்று யோசிக்கும் முன் பேட்டரி வாங்கிய தேதியைப் பாருங்கள்.

பில் போடும் கடை, வீட்டு லேப்டாப், பள்ளி லேப் என்றால் எக்ஸ்ட்4 போதும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள், அதுவும் நம்பகத்தன்மைதான். பெரிய வீடியோ ஃபைல்களை வைத்து எடிட் செய்யும் டிஸ்க்குக்கு எக்ஸ்எஃப்எஸ். ஆனால் பின்னால் சிறிதாக்க முடியாது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து யாரோ வந்து கேட்கப்போகும் பொருள் என்றால், இசட்எஃப்எஸ் மிரர் அல்லது பட்டர்எஃப்எஸ் மிரர். இசட்எஃப்எஸ்ஸுக்குப் பிழை திருத்தும் ஈசிசி ரேம் கட்டாயம் என்று பயமுறுத்துவார்கள். மற்ற ஃபைல் சிஸ்டங்களைவிட அதற்கு அதிகமாகத் தேவை என்று எதுவும் இல்லை. இருந்தால் எல்லாவற்றுக்குமே நல்லது.

ஸ்டுடியோவில் இப்போது இரண்டு டிஸ்க் இசட்எஃப்எஸ் மிரர், பேக்கப் எக்ஸ்ட்4இல் தனி டிஸ்க். அதில் ஒவ்வொரு கல்யாணத்தோடும் செக்சம் பட்டியல் ஒன்றும் சேர்த்து வைக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு இரவு ஸ்க்ரப் ஓடும். டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் படித்து, செக்சத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அது. ஒருமுறை மறுநாள் காலை ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். எப்போதும் பூஜ்யம் என்று வரும் இடத்தில் 14 என்று இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். பதினான்கும் ஒரே டிஸ்க்கில், அத்தனையும் மறு டிஸ்க்கிலிருந்து சரிசெய்யப்பட்டிருந்தது. டிஸ்க்கைக் கழற்றிச் சோதித்தால் அதில் கோளாறு இல்லை. சாட்டா கேபிளின் முனை தளர்ந்திருந்தது. புதுக் கேபிள் வாங்கி மாட்டினேன். மறுபடி ஸ்க்ரப் ஓட்டினோம், பூஜ்யம் வந்தது.

அந்த அப்பாவின் படத்துக்கு, வாடிக்கையாளர் வீட்டிலிருந்த அச்சு ஆல்பத்தை வாங்கிவந்து ஸ்கேன் செய்தோம். ஆல்பத்தில் அது உள்ளங்கை அளவுதான் இருந்தது. பெரிதாக்கியபோது முகம் கொஞ்சம் மங்கல்தான்.